சிற்பம் உடுத்த ஆடை

திருச்சிற்றம்பலம்.



திருவிழாக் காலத்தில் உலாத்திருமேனி வீதியில் எழுந்தருளும்போது நாம் கண்டு மகிழ்வது அலங்காரம். பட்டுப் பரிவட்டமும், பொன்னாரமும், ஆளுயர மாலையும் சாத்தப்பெற்று, திருமுகமும் அபயத் திருக்கரமும் மட்டுமே வெளியே தோன்றும். அந்தப் பட்டுக்குள்ளே மற்றோர் ஆடையும் உண்டு. அது தறியில் நெய்யப்பட்டதன்று. மெழுகில் வரைந்து வெண்கலத்தில் வார்க்கப்பட்டது. திருமுழுக்காட்டும் நேரத்தில் அருகிருந்து காண்போர்க்கன்றிப் பிறர்க்கு அது தோன்றாது. அவ்வாடையைப் பற்றியும், அதனைப் போன்ற சிற்ப ஆடைகளிலிருந்து இக்கால உடையமைப்புக் கலைஞர்கள் கற்றுக்கொண்டவை பற்றியும் இன்று சிறிது சிந்திக்கலாம் என்று கருதினேன்.

பேஷன் என்ற சொல் காதில் விழுந்தாலே சமயச் சொற்பொழிவாளன் வைவதற்குத்தான் வாய் திறப்பான் என்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். அவர்கள் இன்று அஞ்ச வேண்டா. நான் வையப் போவதில்லை. ஆராய்ந்து பார்த்தால், புதுமை என்று அவர்கள் உடுத்தும் உடைகள் பலவற்றின் பாட்டன் வீடு ஒரு பழைய சிற்பக்கூடமாக இருக்கக் காண்கிறோம். அந்த உறவை அறிந்து உடுத்துக என்பதே என் விண்ணப்பம்.

முதலில் கடல் கடந்து கிரேக்க நாட்டுக்குச் செல்வோம். அங்கே டெல்பி என்பது மலைச்சரிவில் அமைந்த பழம்பெருந் திருத்தலம். அப்பொல்லோ என்னும் தெய்வத்துக்கு உரியது. 1896-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் அங்கே அகழ்ந்தபோது வெண்கலத்தாலான தேர்ப்பாகன் சிலையொன்று கிடைத்தது. ஆள் உயரம் உடையது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தேர்ப்போட்டியில் பெற்ற வெற்றிக்கு நன்றியாகக் கோயிலில் வைக்கப்பட்டது.

அந்தப் பாகன் கணுக்கால் வரை நீண்ட அங்கி உடுத்திருக்கிறான். இடைக்கு மேலே உயர்த்திக் கட்டிய கச்சை. கச்சைக்குக் கீழே துணி தூணின் வரிப்பள்ளங்களைப் போல நேராக இறங்குகிறது. கச்சைக்கு மேலேயோ சிறு சிறு சுருக்கங்களாகப் பொங்கி நிற்கிறது. தேர் விரையும்போது காற்று புகுந்து அங்கி உப்பாதபடி தோள்களைச் சுற்றி ஒரு கயிறு வரிந்து கட்டப்பட்டுள்ளது. ஒரே துணிதான், ஆனால் அதன் எடை எங்கே தொங்குகிறது, எங்கே பிடிக்கப்படுகிறது, எங்கே காற்றை எதிர்க்கிறது என்பதையெல்லாம் அந்தச் சிற்பி அறிந்திருந்தான். துணியை அறியாதவன் துணியைச் செதுக்க இயலாது என்பதற்கு அதுவே சான்று.

இந்தச் சிலை வெளிப்பட்டுப் பத்தாண்டுக்குச் சற்றுப் பின்னர், இத்தாலி நாட்டு வெனிஸ் நகரில் வாழ்ந்த மரியானோ போர்த்தூனி என்னும் ஸ்பானியக் கலைஞரின் பட்டறையில் ஓர் உடை பிறந்தது. அதற்கு இட்ட பெயர் டெல்பாஸ். டெல்பித் தேர்ப்பாகனை நினைந்தே அப்பெயர் சூட்டப்பட்டது. 1909-இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை பெற்றனர். மெல்லிய பட்டினை எண்ணற்ற நுண்மடிப்புகளாக மடித்து, அம்மடிப்பு நிலைத்திருக்கும்படி செய்து, தோளிலிருந்து தரை வரை ஒரே வீழ்ச்சியாக விட்டார்கள். ஓரங்களில் முரானோத் தீவின் கண்ணாடி மணிகளைக் கோத்தார்கள்; அவை அழகுக்கும் ஆயின, துணியைக் கீழே இழுத்து நிறுத்தும் எடைக்கும் ஆயின. உடுத்தாதபோது அந்த உடையை நூற்கழி போல முறுக்கி ஒரு சிறு பெட்டியில் வைப்பார்கள். அந்த நுண்மடிப்பின் வழிமுறையைப் பட்டறை இரகசியமாகவே காத்தது.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அக்காலத்து ஐரோப்பியப் பெண்கள் திமிங்கில எலும்பாலும் எஃகுப் பட்டையாலும் ஆன இறுக்குக் கச்சைக்குள் இடையைச் சிறைப்படுத்தி வாழ்ந்தனர். மூச்சு விடவும் குனியவும் அஞ்சிய உடல்கள் அவை. டெல்பாஸ் உடைக்கு உள்ளே அந்தக் கச்சை வேண்டியதில்லை. துணி உடலின் வழியே நடந்தது. உடலைத் தன் வழியே நடத்தவில்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்திய வெண்கலப் பாகன் ஒருவன், தான் அறியாத நாட்டுப் பெண்களின் கட்டை அவிழ்க்கத் துணை நின்றான் என்றால் அது சிறிய செயலா?

இன்னொன்றும் கூற வேண்டும். அந்த உடை உலகெங்கும் போர்த்தூனியின் பெயராலேயே விளங்குகிறது. ஆனால் காப்புரிமைப் பத்திரத்தில் அவரே தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: இதனைக் கண்டுபிடித்தவர் தம் துணைவியார் ஹென்ரியெட் என்றும், விரைவின் பொருட்டுத் தம் பெயரில் பதிந்ததாகவும் அதில் குறித்திருக்கிறார். கணவர் எழுதினார், உலகம் படிக்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்துக்கே திரும்பி வருவோம்.

அவருக்குப் பின்னும் இவ்வழி தொடர்ந்தது. பாரிஸில் 1912-இல் தம் உடைமனையைத் தொடங்கிய மதலேன் வியோனே என்னும் அம்மையார், கிரேக்கச் சிற்பங்களையும் கலன்களில் தீட்டிய உருவங்களையும் கண்டு தெளிந்தவர். துணியின் இழையோட்டத்துக்குக் குறுக்கே, சாய்வாக வெட்டித் தைத்தால் அது உடலைத் தழுவி நெகிழும் என்பதைத் தம் உடைகளின் அடிப்படையாக்கினார். சிறிய மரப்பாவை ஒன்றின் மேல் துணியைச் சுற்றிச் சுற்றியே உடையைக் கண்டார். மதாம் க்ரே என்று புகழ்பெற்ற மற்றோர் அம்மையார் சிற்பியாக விரும்பியவர். அவ்வழி அமையாது போகவே, பட்டுப் பின்னல் துணியில் நுண்ணிய மடிப்புகளைக் கையாலே அடுக்கித் தைத்து, கல்லிற் செய்ய நினைத்ததைத் துணியிலே செய்து முடித்தார். ஜப்பான் நாட்டு இஸ்ஸே மியாக்கே 1993-இல் வெளியிட்ட மடிப்புடைகளில், முதலில் உடையைப் பெரிதாகத் தைத்துவிட்டுப் பின்னர் வெப்பத்தால் மடிப்பை ஏற்றும் முறையைக் கண்டார். மடிப்பு என்னும் ஒன்று வெண்கலத்தில் தோன்றி, பட்டில் வாழ்ந்து, இன்று செயற்கை இழையிலும் நடமாடுகிறது.

எதிரொலி என்பது எப்போதும் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடல் ஆகாது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து, பாரிஸ் நகரத்துச் செல்வப் பெண்டிர் கிரேக்க ரோமானியச் சலவைக்கற் சிலைகளைப் போலத் தோன்ற விரும்பினர். வெள்ளை மெல்லாடையை மார்புக்குக் கீழே கட்டி உடுத்தனர். இதில் இரண்டு வேடிக்கைகள் உண்டு. அச்சிலைகள் வடித்த நாளில் வெள்ளையாக இருக்கவில்லை. அவற்றின்மேல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். மழையும் மண்ணும் காலமும் வண்ணத்தைக் கழுவிய பின் எஞ்சிய வெண்மையையே பிற்காலத்தார் தூய கிரேக்க அழகு என்று கொண்டாடினர். இரண்டாவது, அவர்கள் பெரிதும் விரும்பிய அந்த மெல்லாடை வங்காளத்துத் தறிகளில் நம் நாட்டு நெசவாளர் நெய்த மஸ்லின். குளிருக்குப் போர்த்தது காஷ்மீரத்துச் சால்வை. அச்சால்வையில் இருந்த மாங்காய் வடிவம், அதனைப் பார்த்து நெய்து விற்ற ஸ்காட்லாந்து நாட்டு ஊர் ஒன்றின் பெயரால் இன்று பெய்ஸ்லி என்று உலகெங்கும் வழங்குகிறது. சிலையின் புகழ் கிரேக்கர்க்குச் சென்றது. உடையின் புகழ் பாரிஸுக்குச் சென்றது. வடிவத்தின் பெயர் ஸ்காட்லாந்துக்குச் சென்றது. நெய்த கைக்கு யாது சென்றது?

இனி நம் திருக்கோயிலுக்குள் வருவோம்.

செப்புத் திருமேனி வார்க்கும் முறையைச் சுவாமிமலையில் இன்றும் காணலாம். தென்னங்கீற்றின் ஓலையை நறுக்கி, அதனை மடித்து மடித்துத் தாள அளவு காண்பர் ஸ்தபதியார். தையற்காரர் கையில் நாடா எப்படியோ அப்படி அவர் கையில் ஓலை. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்து, காவிரி வண்டலால் கருக்கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பர். திருமேனியின் ஆடை முழுவதும் முதலில் மெழுகிலேயே உருவாகிறது. உமையம்மையின் திருமேனியைப் பாருங்கள். ஆடை தனியே துருத்தி நிற்பதில்லை. சில மெல்லிய கோடுகள், கோடுகளுக்கு இடையே சிறு பூக்கள், இடையின் இருபுறமும் ஒரு முடிச்சு, இடைக்கச்சின் நடுவே சிங்கமுகம். இவ்வளவே. இருந்தும் அது பட்டென்றும், நீண்டதென்றும், இறுக உடுத்ததென்றும் கண் அறிந்துகொள்கிறது. கிரேக்கன் மடிப்பால் சொன்னதை நம் சிற்பி கோட்டால் சொன்னான்.

கூத்தப்பெருமான் திருமேனியில் துணிக்கு மற்றொரு வேலை. திருமுகத்தில் அசைவற்ற அமைதி. திருவடியில் நிலைத்த ஊன்றுதல். அப்படியாயின் சுழற்சியை எதனால் காட்டுவது? விரிந்து பறக்கும் சடையாலும், இடையிற் கட்டிய ஆடையின் முனை ஒரு பக்கமாக வீசிப் பறப்பதாலும் காட்டினான். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின் நிழற்படங்களைக் கண்டு வியந்து எழுதிய கட்டுரை 1921-இல் வெளிவந்தது. நிற்கும் உடலுக்கு ஆடை அமைப்பது எளிது, இயங்கும் உடலுக்கு அமைப்பதே அரிது என்பது உடையமைப்போர் அனைவரும் அறிந்தது. அதற்குச் சோழர் காலத்து ஸ்தபதி கண்ட விடையே அந்தப் பறக்கும் ஆடைமுனை.

இன்னும் கூர்ந்து நோக்குங்கள். அப்பெருமானுக்கு ஒரு செவியில் குழை. மறு செவியில் தோடு. வலப்பாகம் அப்பனுக்கும் இடப்பாகம் அம்மைக்கும் உரியது என்பதைக் காதணி சொல்கிறது. ஆளுடைய பிள்ளையார் குழந்தைப் பருவத்தில் சீகாழிக் குளக்கரையில் தந்தையார்க்கு இறைவனைச் சுட்டிக் காட்டியபோது முதல் அடையாளமாகக் கூறியதும் அச்செவியின் தோடே என்பதை நீங்கள் அறிவீர்கள். திருவெண்காட்டிலிருந்து கிடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள அர்த்தநாரீசுவரர் திருமேனியில், ஒரு பக்கத்து ஆடை தொடையளவில் நிற்கிறது. மறு பக்கத்து ஆடை கணுக்கால் வரை நீள்கிறது. இன்று இரு காதிலும் வெவ்வேறு அணியை அணிவதும், ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் நீண்ட உடை உடுத்துவதும் புதுமை எனப்படுகின்றன. இத்திருமேனிகளைப் பார்த்துத்தான் அவை பிறந்தன என்று நான் சாதிக்க மாட்டேன். ஆயின் ஒரு வேற்றுமை கூறுவேன். அவர்கள் ஒவ்வாமையை அழகுக்காகச் செய்கிறார்கள். நம்மவர் ஒவ்வாத இரண்டும் ஓருடலில் ஒன்றி நிற்கும் உண்மைக்காகச் செய்தார்கள்.

ஐயத்துக்கு இடமின்றிச் சிற்பத்திலிருந்து பிறந்த உடை ஒன்று நம்மிடையே உண்டு. அதுவே இன்றைய பரதநாட்டிய உடை. முன்னர் ஆடியோர் நீண்ட சேலையையே ஆட்டத்துக்கேற்பச் சுற்றி உடுத்தனர். 1935-இல் சென்னை அடையாற்றில் முதன்முதல் ஆடி, மறு ஆண்டில் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அம்மையார், கோயிற் சிற்பங்களை நோக்கி உடையையும் அணியையும் புதிதாக அமைத்தார். இரு கால்களுக்கு இடையே கொசுவம் விசிறி போல விரியும் அந்த அமைப்பு, அரைமண்டியில் அமர்ந்தவுடன் மலர்ந்து, எழுந்தவுடன் குவிகிறது. தில்லைக் கோபுர வாயில்களில் நூற்றெட்டுக் கரணங்களையும், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் எண்பத்தொரு கரணங்களையும் கண்டவர்கள் அந்த விசிறியின் மூலத்தை உணர்வார்கள். கல்லிலே நின்றுபோன ஆட்டம் பட்டிலே மீண்டும் அசைந்தது. அம்மையாரின் கலைத்திறத்தைப் போற்றுகிறேன்.

போற்றிய வாயால் ஒன்று கேட்கவும் வேண்டும். சிற்பத்தைப் பார்த்தோம், அச்சிற்பத்துக்கு முன்னே தலைமுறை தலைமுறையாக ஆடிய பெண்களைப் பார்த்தோமா? தலைசாமான் என்று நாம் வழங்கும் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் ராக்கொடியும் சடைநாகமும் கல்லிலிருந்து நேரே கடைக்கு வரவில்லை. அவற்றைச் சூடி ஆடியவர் தலைவழியே வந்தன. ருக்மிணி தேவி அம்மையார்க்கு ஆடலைக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களும், மயிலாப்பூர் கௌரி அம்மாளும் அந்தப் பழைய மரபினரே. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்தது. இளம் பெண்ணின் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவளுக்கு வேண்டும். ஆதலால் அத்தடை வேண்டியதே. ஆனால் வழக்கத்தை நீக்கிய நாம், அவர்கள் காத்த கலைக்கு நன்றி சொல்லும் கடமையையும் சேர்த்து நீக்கிவிட்டோம். உடை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சிற்பத்திலிருந்து என்கிறோம். கல் என்றால் பெருமை. பெண் என்றால் மௌனம். இது சைவர்க்கு அடுக்குமா?

இராசராச சோழன் இவ்வாறு செய்யவில்லை. 1010-இல் தஞ்சைப் பெரிய கோயில் திருப்பணியை நிறைவு செய்த அவ்வேந்தன், நானூறு தளிச்சேரிப் பெண்டுகளையும் பெயர் பெயராகக் கல்லில் வெட்டுவித்தான். எவள் எத்தளியிலிருந்து வந்தாள், எத்தெருவில் எந்த வீடு அவளுக்கு உரியது, பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கே உள. ஒவ்வொருத்திக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். அக்கல்வெட்டிலேயே தையற்காரர் உளர். மணி கோத்துத் தைப்போர் உளர். இராசராசப் பெருந்தச்சன் என்னும் தச்சனின் பெயரும் அக்கோயிற் கல்வெட்டில் உண்டு. பேரரசன் தன் பெயரை மட்டும் பொறித்துக்கொள்ளாமல், துணி தைத்தவனையும் கணக்கில் வைத்தான். இன்று விலை உயர்ந்த உடையின் கழுத்துப்பட்டியில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது. அது கடையின் பெயர். ஆயிரம் ஆண்டில் நாம் வளர்ந்தோமா, சுருங்கினோமா?

காஞ்சிபுரத்துச் சேலைக் கரையில் கோபுர வடிவமும், உருத்திராக்கமும், யாளியும், அன்னமும், இருதலைப் பறவையும் அமைந்துள்ளன. கரை வேறு, உடல் வேறாக நெய்து கோத்து இணைக்கும் கோர்வை முறைக்குத் தறியில் இருவர் உழைப்பு வேண்டும். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் கோயில் நகைகளைச் செய்யும் கைவினைஞர் குடிகள் உள்ளன. மணமகள் அக்கரையையும் அந்நகையையும் பூண்டு வருகையில் நடமாடும் சிற்பம் என்கிறோம். அதே கோபுரக் கரை விசைத்தறியில் அச்செனப் பெருகிக் கால் விலைக்கு வரும்போது, பேரம் பேசி வாங்கி மகிழ்கிறோம். சிற்பத்தின் எதிரொலி நம் வீட்டில் கேட்கிறது. நெய்தவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டோமா?

எதிரொலிக்கும் களவுக்கும் இடையே உள்ள எல்லையையும் சொல்லி முடிக்கிறேன். டெல்பித் தேர்ப்பாகன் இன்றும் டெல்பியிலேயே இருக்கிறான். அவனைப் பெயர்த்து எடுக்காமலே வெனிஸ் நகரத்தார் அவனிடம் பாடம் கற்றனர். நம் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசப் பெருமானோ களவு போய், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, உண்மை வெளிப்பட்ட பின் 2014-இல் தாயகம் திரும்பினார். கண்ணால் கொள்வது கல்வி. கையால் கொள்வது களவு. அவ்வாறே, சிற்பத்தின் அளவையும் மடிப்பையும் ஆராய்ந்து ஓர் உடை அமைத்தால் அது மரபின் தொடர்ச்சி. தெய்வத் திருவுருவைச் செருப்பிலும் உள்ளாடையிலும் அச்சிட்டு விற்பது, கண்டனம் எழுந்தபின் திரும்பப் பெறுவது, மீண்டும் வேறொருவர் விற்பது என்பது வெறும் வாணிகம். முன்னதற்கு உழைப்பு வேண்டும். பின்னதற்கு அச்சு இயந்திரம் போதும். உடையமைப்புக் கல்வி பயிலும் நம் பிள்ளைகள் இந்த எல்லையை மனத்துட் கொள்ள வேண்டும். கோயிலுக்கு வாருங்கள். மணிக்கணக்கில் நின்று பாருங்கள். முடிச்சு எங்கே, மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று ஏட்டில் வரைந்துகொள்ளுங்கள். பின்னர் உங்கள் காலத்துக்கு ஏற்றதைச் செய்யுங்கள். செய்தபின், எங்கே கற்றீர்கள், யார் நெய்தார், யார் தைத்தார் என்பதையும் எழுதுங்கள். தம் துணைவியார் பெயரைக் காப்புரிமைப் பத்திரத்தில் குறித்த அந்த வெனிஸ் நகரத்தாரின் நேர்மையும், தையற்காரனைக் கல்வெட்டில் ஏற்றிய நம் சோழவேந்தனின் நேர்மையும் ஒன்றே.

அன்பர்களே, இன்று இரவு பெருமான் வீதியுலா எழுந்தருளுவார். பட்டுக்கு மேல் பூ, பூவுக்கு மேல் பொன் என்று கண் நிறையக் காண்பீர்கள். அதன் உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில், பின்புறத்து ஆடையின் ஒவ்வொரு கோட்டையும் ஒரு ஸ்தபதி வழுவாமல் மெழுகில் வரைந்திருக்கிறான். மக்கள் காண மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். காண்பவன் ஒருவன் உளன் என்பதும் அவனுக்குத் தெரியும். பிறர் காணும்பொருட்டு உடுத்துவது உலகியல். காணாத இடத்திலும் குறைவைக்காமல் செய்வது வழிபாடு. நெய்பவரும் தைப்பவரும் உடுப்பவரும் அந்த வழிபாட்டில் பங்கு கொள்வாராக. அவர்தம் கைகள் வறுமையின்றி வாழ்க, திருக்கோயில்கள் ஓங்குக, எல்லாம் வல்ல கூத்தப்பெருமான் திருவருள் யாவர்க்கும் ஆகுக.

திருச்சிற்றம்பலம்.